யாருடைய பங்கில் வெட்டு?

2013 பெப்ரவரி 8ஆம் திகதி, விடிய விடிய நீடித்த பேச்சுவார்த்தைகளின் பின்னர், 2014 முதல் 2020 வரையான ஏழாண்டுகளுக்கான ஐரோப்பிய ஒன்றியத்தின் செலவு உச்சவரம்பை 960 பில்லியன் யூரோவாக வரையறுக்க 27 நாடுகளின் தலைவர்கள் பிரசெல்ஸில் இணங்கினர். இத்தகைய நீண்டகாலத் திட்டமொன்று முன்னையதிலும் பார்க்கச் சுருங்கியது அதுவே முதற்தடவையாகும்.

சொந்த மக்களின் சம்பளத்திலும் ஓய்வூதியத்திலும் கைவைத்த அரசாங்கங்கள் பொதுப் பணப்பெட்டிக்கு மாத்திரம் தாராளம் காட்ட முடியாது என்ற வாதத்தை நாம் நிராகரிக்கவில்லை. ஆனால், வெட்டு விழுந்த இடம் எது என்பதே எமது கேள்வி. விவசாயத்தையும் கிராம அபிவிருத்தியையும் பிரதானமாகக் கொண்ட பிரிவு ஓரளவு குறைக்கப்பட்டும் சுமார் 373 பில்லியனைத் தக்கவைத்துக்கொண்டது. அதிவேக இணைய வலையமைப்புக்கென ஆணைக்குழு கோரிய 9 பில்லியனுக்கு மேற்பட்ட தொகையோ ஒரு பில்லியனாகச் சுருங்கியது. கிரேக்கத்திலும் ஸ்பெயினிலும் தொழில் தேடிய இளைஞரில் பாதிக்கு மேற்பட்டோர் வேலையற்றிருந்த அவ்வேளையில், இளைஞர் வேலைவாய்ப்புக்கென ஒதுக்கப்பட்டது 6 பில்லியன் மாத்திரமே.

இது தற்செயலானதன்று. ஏகமனதான சம்மதம் தேவைப்படும் சபையில் ஒவ்வொரு தலைவரும் தமது நாடு போட்டதெவ்வளவு, பெற்றதெவ்வளவு என்றே கணக்குப் பார்க்கின்றார். பிரான்ஸ் தனது விவசாயிகளுக்காக வாதாடியது. பிரித்தானியா 1984இல் மார்கிரட் தட்சர் பெற்றுக்கொடுத்த கழிவை விட்டுக்கொடுக்கவில்லை. வேலையற்ற இளைஞனுக்காகவோ, எல்லை கடந்து செல்லும் இணைய இணைப்புக்காகவோ வீட்டோவைக் காட்டி மிரட்ட எந்த நாடும் முன்வரவில்லை.

மார்ச்சில் இவ்விணக்கத்தை நிராகரித்த ஐரோப்பிய பாராளுமன்றம், இளைஞர் நிதியை முதலிரு ஆண்டுகளிலேயே செலவிடவும், எஞ்சும் பணத்தை அடுத்த ஆண்டுகளுக்குக் கொண்டு செல்லவும் வழி பெற்றுக்கொண்டு நவம்பரில் சம்மதித்தது. உச்சவரம்பு மாத்திரம் மாறவில்லை.