பானெட்டுக்குள் பவுடர் பூச்சு!

காரைத் துடைப்பவர்களில் இரண்டு ரகம் உண்டு. ஒரு ரகம், வெளியே மட்டும் துடைத்துவிட்டு, அந்தப் பளபளப்பிலேயே தலையையும் வாரிக்கொண்டு போய்விடும். இன்னொரு ரகம், பானெட்டைத் தூக்கி உள்ளே தலையை விட்டால், சாப்பிடக் கூப்பிட்டாலும் வெளியே வராது. இந்த வாரம் இரண்டாவது ரகத்துக்கான சமாச்சாரம். முதல் ரகமும் படிக்கலாம். காசு மிச்சமாகும்!

எங்கள் வேப்பூர் கூட்டுரோட்டில், சென்னை - திருச்சி சாலையும் விருத்தாசலம் - சேலம் சாலையும் ஒன்றையொன்று வெட்டிக்கொள்கின்றன. லாரிப் புகை ஒரு பக்கம், செம்மண் புழுதி ஒரு பக்கம். சோள சீசனில் ரோட்டோரம் காய்கிற மக்காச்சோளத் தூசி போனஸ். இந்த ஊரில் பத்து வருஷம் ஓடின காரின் பானெட்டைத் திறந்தால், ஆட்டுச் சந்தை கலைந்த வெள்ளிக்கிழமை சாயங்காலம் மாதிரி இருக்கும். எலி சேர்த்து வைத்த சோளம் ஒரு கைப்பிடி கிடைத்தாலும் ஆச்சரியப்படாதீர்கள்.

பழைய கார் என்று நான் சொல்வது அம்பாஸடரை. இங்கிலாந்தின் மாரிஸ் ஆக்ஸ்போர்டு காரை மூலமாக வைத்து, மேற்கு வங்காளத்து உத்தர்பாராவில் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் கம்பெனி 1950களின் கடைசியில் தயாரிக்க ஆரம்பித்தது. 2014ல் உற்பத்தியை நிறுத்தினார்கள். எம்.ஜி.ஆரின் டி.எம்.எக்ஸ். 4777 கூட அம்பாஸடர்தான். தி.நகர் நினைவு இல்லத்தில் இருக்கிறது. பி.காம். படித்தவர்களுக்குத் தெரியும், 'குறைந்து செல் மதிப்பு முறை' என்று ஒரு தேய்மானக் கணக்கு உண்டு. அதில் சொத்தின் மதிப்பு வருஷா வருஷம் குறையும். ஆனால் பூஜ்யத்தை மட்டும் தொடவே தொடாது. அந்த முறையைக் கண்டுபிடித்தவர் அம்பாஸடர் வைத்திருந்தாரோ என்று எனக்கு ஒரு சந்தேகம்!

அதே பி.காமில் இன்னொரு பாடம், 'விண்டோ டிரெஸ்ஸிங்'. நஷ்டத்தில் போகிற கம்பெனியின் ஐந்தொகையை வருஷக் கடைசியில் சோப்புப் போட்டுக் குளிப்பாட்டி, பவுடர் பூசி, பங்குதாரர் முன்னால் உட்கார வைப்பது. புரோக்கர்கள் பழைய கார் இன்ஜினுக்குச் செய்வதும் இதையேதான். வாட்டர் சர்வீஸில் விட்டு, மேலே டீசல் ஸ்பிரே அடித்துவிட்டால், இன்ஜின் புது மாப்பிள்ளை மாதிரி மின்னும். எண்ணெய் எங்கே ஒழுகுகிறது, எந்த ட்யூபில் விரிசல் என்பதெல்லாம் அந்த மினுமினுப்பில் மறைந்துவிடும். ஆடிட்டராலேயே கண்டுபிடிக்க முடியாது.

ரிட்டையர்டு வாத்தியாரான என் தாய்மாமா போன வருஷம் இப்படி ஓர் இன்ஜினிடம் மனதைப் பறிகொடுத்தார். "மாப்ள, உள்ள பார்த்தியா? நம்ம வீட்டுப் பூஜை ரூம் கூட இவ்ளோ சுத்தமா இருக்காது!" என்றார். அட்வான்ஸ் கொடுக்கப் பையில் கையை விட்ட நேரத்தில், கூட வந்த மெக்கானிக் குறுக்கே வந்தார்.

"வாத்தியார் சார், அழுக்கு இல்லாத பழைய இன்ஜின எனக்குப் படிக்கத் தெரியாது. உளுந்தூர்பேட்டை வரைக்கும் ஓட்டிட்டு வந்துருவோம். அது தானா எழுதிக் காட்டும்."

புரோக்கர் அண்ணனுக்கு உடனே வேறு ஜோலி ஞாபகத்துக்கு வந்தது. மாமா விடவில்லை. போய்த் திரும்பி வந்து பானெட்டைத் திறந்தால் கும்மென்று பெட்ரோல் வாசனை. கார்புரேட்டருக்குப் போகிற ரப்பர் ட்யூபில் மயிரிழை விரிசல், அதன் நுனியில் ஒரு சொட்டு. அம்பாஸடர் இன்ஜினில் கார்புரேட்டரும் புகை போகிற மேனிஃபோல்டும் ஒரே பக்கம். மேலே பெட்ரோல், கீழே கொதிக்கிற இரும்பு. அந்தக் காரில் போகவிருந்தவர்கள் மாமாவின் பேரன் பேத்தி நாலு பேர். மாமா ரொம்ப நேரம் பேசவே இல்லை.

கடைசியில் புது ட்யூப் மாற்றி, விலையில் இருபதாயிரம் குறைத்து, வண்டி வீட்டுக்கு வந்தது. வந்ததும் மாமா செய்த முதல் வேலை, மெக்கானிக்கைக் கூட வைத்துக்கொண்டு இன்ஜினைத் துலக்கியது. ஒளிப்பதற்கு அல்ல, ஒழுகினால் உடனே தெரிய வேண்டும் என்பதற்கு. விஷயமே இதுதான். ஒரே துணி, ஒரே பிரஷ். நோக்கம் மட்டும் வேறு.

விருத்தாசலம் பழமலைநாதர் கோயிலில் எல்லாமே ஐந்து என்பார்கள். ஐந்து கோபுரம், ஐந்து நந்தி, ஐந்து தீர்த்தம். ஊரின் பெயரே 'பழைய மலை' என்பதால், பழைய வண்டிக்கும் ஐந்தே விதி வைத்துக்கொள்வோம்.

ஒன்று, ஆற விடுங்கள். ஓடி வந்த சூட்டோடு பச்சைத்தண்ணீரை அடித்தால் வார்ப்பிரும்பு விரிசல் விட்டுவிடலாம். விரலை வைத்து எண்ணிக்கையில் பத்து வரை எடுக்காமல் இருக்க முடிந்தால் ஆறிவிட்டது என்று அர்த்தம். (எட்டில் எடுத்துவிட்டால் ஒரு காபி குடித்துவிட்டு வரவும்.)

இரண்டு, பேட்டரியைக் கழற்றுங்கள். வண்டியின் பாடியோடு சேர்ந்திருக்கிற எர்த் ஒயரை முதலில் கழற்ற வேண்டும். மாற்றிக் கழற்றினால், ஸ்பேனர் பாடியில் பட்டு தீபாவளி கொண்டாடும். டெர்மினலில் பூத்திருக்கிற வெள்ளை, நீலப் பொடிக்குத் தண்ணீரில் கரைத்த ஆப்ப சோடாவே போதும். நுரைத்துக்கொண்டு போய்விடும். பேட்டரி மூடிகள் இறுக்கமாக இருக்கட்டும். சோடா உள்ளே போனால் ஆசிட் வேலையை மறந்துவிடும். காய்ந்தபின் மாட்டி, மேலே கொஞ்சம் வாசலின்.

மூன்று, மூட வேண்டியதை மூடுங்கள். கார்புரேட்டர் வாய், டிஸ்ட்ரிபியூட்டர், காயில், டைனமோ எல்லாவற்றுக்கும் பிளாஸ்டிக் பை கட்டி ரப்பர் பேண்ட் போடவும். டிஸ்ட்ரிபியூட்டர் மூடிக்குள் ஈரம் புகுந்தால், கரண்ட் பிளக்குக்குப் போகாமல் ஈரத்தோடு ஊர் சுற்றப் போய்விடும். வண்டி ஸ்டார்ட் ஆகாது. பிளக்கைச் சுற்றியிருக்கிற வெள்ளைப் பகுதியைத் துடைக்கும்போது கொஞ்சம் மரியாதை காட்டுங்கள். அதுவும் செராமிக், நம்ம விருத்தாசலம் பீங்கானுக்குச் சொந்தக்காரன். கரண்ட் கம்பத்து இன்சுலேட்டரும் அதுவும் செய்வது ஒரே வேலை: கரண்டை வழி தவற விடாமல் பார்த்துக்கொள்வது. அதில் கீறல் இருந்தால் பிளக்கை மாற்றிவிடுங்கள். கழற்றுவதற்கு முன்னால் சுற்றியுள்ள மண்ணைத் துடைக்கவும். இல்லாவிட்டால் வேப்பூர் செம்மண் நேராக சிலிண்டருக்குள் குடியேறும். கழற்றிய பிளக்கின் நுனி லேசான பழுப்பு என்றால் சுகம். கரிக் கறுப்பு என்றால் பெட்ரோல் அதிகம் குடிக்கிறது. எண்ணெய்ப் பிசுக்கு என்றால் மெக்கானிக்கைப் பார்க்கவும். கிளி ஜோசியம்கூட இவ்வளவு பளிச்சென்று சொல்லாது.

நான்கு, முதலில் சுரண்டுங்கள், பிறகு கழுவுங்கள். டேப்பட் கவர் ஓரத்திலும் அடியிலும் கேக் மாதிரி அப்பியிருக்கிற எண்ணெய் அழுக்கை மரக் குச்சியால் சுரண்டி, பனியன் வேஸ்ட்டில் துடைத்துத் தனியாக எடுத்துவிட்டால், அது வாய்க்கால் வழியாகக் குளத்துக்குப் போகாது. அப்புறம் சோப்புத் தண்ணீர், பழைய பிரஷ், மெதுவாக ஊற்றுகிற தண்ணீர். கிருஷ்ணாயிலும் டீசலும் வேண்டாம். ரப்பர் ட்யூபுகளை ஊறவைத்துக் கெடுக்கும். தூசியைக் கூப்பிட்டு ஒட்டவைக்கும். மேனிஃபோல்டு சூடானால் தீயையும் கூப்பிடும். ரேடியேட்டரில் பீய்ச்சி அடித்தால் மெல்லிய தகடுகள் மடங்கிவிடும். 'அழகாக இருக்கட்டும்' என்று அதன்மேல் பெயிண்ட்டை அப்புவதும் தப்பு. சட்டைமேல் ஸ்வெட்டர் போட்டு சித்திரை மாதம் நடக்க விடுகிற மாதிரி.

ஐந்து, நம்பரைத் தொடாதீர்கள். துலக்குகிற ஜோரில் சிலர் உப்புத்தாளை எடுத்து இன்ஜின் நம்பர், சேஸிஸ் நம்பர் மேலும் தேய்த்துவிடுவார்கள். சொந்தக் காருக்குப் பதிவு 15 வருஷம். அதன்பின் 5 வருஷத்துக்கு ஒரு தடவை வண்டியைக் காட்டிப் புதுப்பிக்க வேண்டும். அங்கே அந்த நம்பரைத்தான் முதலில் தேடுவார்கள். தேய்ந்த நம்பரைப் பார்த்தால் உங்களைப் பார்க்கிற பார்வையே மாறிவிடும். ஈரத் துணியால் துடையுங்கள், போதும்.

எல்லாம் காய்ந்த பிறகு அலுமினியப் பாகங்களுக்குக் கொஞ்சம் மெட்டல் பாலிஷ் போடலாம். ஆனால் எதற்கும் ஓர் அளவு உண்டு. அமெரிக்காவில் பெபிள் பீச் என்ற இடத்தில் பழைய கார்களுக்கு அழகுப் போட்டி நடக்கிறது. அங்கேயே, புதுப்பிக்காமல் அந்தக் காலத்து நிலையிலேயே காப்பாற்றிய வண்டிகளுக்கென்று தனிப் பிரிவு இருக்கிறது. வயதை மறைக்காததற்கும் பரிசு! தலைக்குச் சாயம் அடிக்கிற என் நண்பர்களுக்கு இதைச் சொன்னால் பேச்சை மாற்றுகிறார்கள்.

சுந்தரமூர்த்தி நாயனார் கதை தெரியுமல்லவா? விருத்தாசலத்தில் சிவபெருமான் கொடுத்த பொன்னை மணிமுத்தாற்றில் போட்டுவிட்டு, திருவாரூர்க் குளத்தில் எடுத்தார். எடுத்தவர் அப்படியே மடியில் கட்டிக்கொள்ளவில்லை. மாற்று உரைத்துப் பார்த்தார். ஆண்டவன் கொடுத்த பொன்னுக்கே உரைகல் வேண்டியிருந்தது. புரோக்கர் காட்டுகிற டேப்பட் கவருக்கு வேண்டாமா?

அந்த உரைகல்லுக்குச் செலவு ஒன்றுமில்லை. துலக்கி முடித்த வண்டியை நன்றாக ஒரு சுற்று ஓட்டிவிட்டு, ராத்திரி இன்ஜினுக்கு அடியில் பழைய பேப்பர் விரித்து வையுங்கள். காலையில் சொட்டு விழுந்திருந்தால் நிறத்தைப் பாருங்கள். கறுப்பு என்றால் ஆயில், துரு நிறம் என்றால் ரேடியேட்டர். ஒன்றும் இல்லை, ஆனால் வாசனை மட்டும் வருகிறதென்றால் பெட்ரோல். சாவியைத் தொடாமல் மெக்கானிக்குக்கு போன் போடுங்கள்.

பேப்பர் இல்லையா? இந்தப் பக்கத்தையே கிழித்து விரிக்கலாம். படித்து முடித்த பிறகு!