ஃபியூஸ் கட்டையில் கை வைக்காதீங்க!

நெய்வேலி டவுன்ஷிப்பில் குவார்ட்டர்ஸுக்குக் கம்பெனிதான் ஓனர். குழாய் ஒழுகினால் கம்பெனியிடம் சொன்னால் போச்சு. ஆனால் டவுன்ஷிப்பைத் தாண்டி, மந்தாரக்குப்பம் பக்கம் லைன் வீடு கட்டி வாடகைக்கு விட்டிருப்பவர் பாடு? ஓனர், பிளம்பர், வசூல் அதிகாரி எல்லாமே அவர்தான்!

எட்டு வீடு, ஒரே மோட்டார். குடியிருப்பவர்களில் பலர் கான்ட்ராக்ட் தொழிலாளிகள். அங்கே சம்பளம் தள்ளிப்போனால் இங்கே வாடகையும் தள்ளிப்போகும். உடனே சில ஓனர்கள் செய்கிற முதல் காரியம், ஃபியூஸைப் பிடுங்குவது! 1962-லிருந்து ஊர் ஊருக்கு மின்சாரம் அனுப்புகிற நெய்வேலிக்குப் பக்கத்திலேயே, ஒரு குழந்தை மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் பரீட்சைக்குப் படிக்கும்.

பாவம் மட்டுமில்லை ஸார், சட்ட விரோதமும்கூட! நகர்ப்புறங்களுக்காக 2019 பிப்ரவரியில் அமலுக்கு வந்த தமிழ்நாடு வாடகைச் சட்டப்படி, தண்ணீர், கரண்ட்டை ஓனர் நிறுத்தக் கூடாது. குடித்தனக்காரர் வாடகை அதிகாரியிடம் போனால், பிடுங்கின ஃபியூஸை நீங்களே திரும்ப மாட்ட வேண்டியிருக்கும்.

பின்னே என்னதான் செய்வதாம்?

வாடகைத் தேதியைச் சம்பளத் தேதிக்கு மூணு நாள் தள்ளி வையுங்கள். ஒப்பந்தத்தை எழுத்தில் போட்டுப் பதிவு செய்யுங்கள். மாசாமாசம் ரசீது கொடுங்கள். வீட்டுக்கு வீடு தனி மீட்டர் வைத்தால் கரண்ட் பில் சண்டையில் பாதி ஒழியும். பாக்கி விழுந்தால் தவணை பேசி, எழுதி வாங்குங்கள்.

இருட்டில் வைத்து விரட்டினால் குடித்தனம் கிளம்பிடும். அப்புறம்? பூட்டிக் கிடக்கிற வீடு வாடகை பாக்கிகூட வைக்காது!