கேஸை வாபஸ் வாங்கிட்டா கணக்கு தீர்ந்துடுமா?



ஒருத்தன் நம்ம வரப்பை வெட்டிப்புட்டு, ஊர் கூடிக் கேட்டதும் "சரி விடுங்க, நான் போறேன்"னு மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கிட்டுக் கிளம்பினா விட்டுடுவோமா? வெட்டின வரப்பைக் கட்டிக் கொடுத்துட்டுப் போய்யா என்போம். கோர்ட்டில் மட்டும் இந்த நியாயம் ஏன் செல்லுபடியாக மாட்டேன் என்கிறது என்று கேட்கத்தான் இந்தப் பிரசுரம்.

குஜராத்தில் நடந்ததை ஞாபகப்படுத்துகிறோம். 2019 ஏப்ரல் மாதம். சபர்காந்தா மாவட்டத்து உருளைக்கிழங்கு விவசாயிகள் நாலு பேர் மேல் பெப்சிகோ இந்தியா கம்பெனி அகமதாபாத் வணிக நீதிமன்றத்தில் தாவா போட்டது. கேட்ட நஷ்டஈடு ஆளுக்கு 1 கோடியே 5 லட்சம் ரூபாய். நாலு பேருக்கும் சேர்த்து 4 கோடியே 20 லட்சம்! அவங்க கையில் இருந்த நிலமோ மூணு நாலு ஏக்கர். நிலத்தோடு வீடு, மாடு, தாலி எல்லாத்தையும் வித்தாலும் அந்தத் தொகை தேறாது. கம்பெனிக்கும் இது தெரியும். தெரிஞ்சேதான் போட்டாங்க.

செய்த குற்றம் என்ன? லேஸ் சிப்ஸ் போடுற எஃப்.சி.5 ரகக் கிழங்கை, கம்பெனி அனுமதி இல்லாமல் பயிர் செய்தார்களாம். எஃப்.எல்.2027 என்ற பெயரில் அந்த ரகத்தைக் கம்பெனி பதிவு செய்து வைத்திருந்தது. விவசாயி வாயைத் திறக்கும் முன்னாலேயே இடைக்காலத் தடை வந்துவிட்டது, மாதிரி எடுக்கக் கமிஷனரும் போட்டாச்சு. இதற்கு முன்பே அரவல்லி மாவட்டத்து விவசாயிகள் மேல் ஆளுக்கு 20 லட்சம் கேட்டு மொடாசா கோர்ட்டில் கேஸ் இருந்தது.

சட்டம் என்ன சொல்லுது? பயிர் ரகங்கள் பாதுகாப்பு மற்றும் விவசாயிகள் உரிமைச் சட்டம், 2001. அதில் 39வது பிரிவு. பதிவு செய்யப்பட்ட ரகமே ஆனாலும் விவசாயி அந்த விதையைச் சேர்த்து வைக்கலாம், விதைக்கலாம், மறுபடி விதைக்கலாம், மாற்றிக்கொள்ளலாம், பகிரலாம், விற்கலாம். பிராண்ட் பெயர் போட்டு விதையாக விற்கக் கூடாது, அவ்வளவுதான் தடை. பச்சையா எழுதியிருக்கு. இதை வைத்துத்தான் நாடு முழுக்க விவசாய சங்கங்கள் குரல் கொடுத்தன.

ஏப்ரல் 26 வாய்தாவில் கம்பெனி ஒரு சமரசம் பேசியது. எங்ககிட்டயே விதை வாங்கி எங்களுக்கே விளைச்சலைக் கொடு, இல்லாட்டி இனிமே இந்த ரகத்தைத் தொட மாட்டேன்னு எழுதிக் கொடு. கழுத்தில் ஒரு கோடி ரூபாய்க் கேஸைத் தொங்கவிட்டுட்டு நீட்டுற காகிதத்துக்குப் பேர் சமரசமாம்! எதிர்ப்பு வலுத்தது. மே மாதம் பிறந்ததும், அரசாங்கத்தோடு பேசியிருக்கோம், கேஸ்களை வாபஸ் வாங்குறோம் என்று கம்பெனி அறிக்கை விட்டது. பத்திரிகைகளில் வந்த அந்த அறிக்கையில், சும்மா கோர்ட்டுக்கு இழுக்கப்பட்டவனின் செலவைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது.

எல்லாரும் ஜெயம் ஜெயம் என்றார்கள். நாங்களும் சந்தோஷப்பட்டோம், பொய் சொல்லவில்லை. ஆனால் ஊரிலிருந்து அகமதாபாத்துக்கு அலைந்த காசு யார் காசு? வக்கீலைத் தேடியது, நகல் எடுத்தது, வேலை கெட்டது, வீட்டில் சோறு இறங்காமல் கிடந்தது, இதெல்லாம் யார் கணக்கில் எழுதுவது?

சட்டத்தில் வழி இல்லாமல் இல்லை. உரிமையியல் நடைமுறைச் சட்டத்தில் ஆணை 23, விதி 1 என்று ஒன்று இருக்கு. போட்ட தாவாவை வாதி எப்போ வேண்டுமானாலும் வாபஸ் வாங்கலாம். ஆனால் "மறுபடி கேஸ் போட அனுமதி கொடுங்க"ன்னு கேட்டு வாங்காமல் வாபஸ் போனால், அதே விஷயத்துக்கு அவன் திரும்பத் தாவா போட முடியாது. கோர்ட் போடுகிற செலவுத்தொகையையும் அவன்தான் கட்டணும். அனுமதி கேட்டாலும், இன்ன செலவைக் கட்டிட்டுப் போ என்று நிபந்தனை போட ஜட்ஜுக்கு அதிகாரம் உண்டு.

சிக்கல் எங்கே என்றால், "கோர்ட் போடுகிற" என்ற அந்த வார்த்தையில். பிரதிவாதி வாய் திறந்து கேட்டால்தான் பேச்சே வரும். தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போச்சுன்னு நம்ம ஆள் வீட்டுக்கு ஓடி வந்துடுறான். அவனைக் குத்தம் சொல்லவும் முடியாது.

பொய்க் கேஸ், தொந்தரவுக் கேஸ் என்று நிரூபித்தால் நஷ்டஈடு தர 35 ஏ என்று ஒரு பிரிவு இருக்கு. உச்சவரம்பு எவ்வளவு தெரியுமா? 3000 ரூபாய். 1976இல் ஆயிரத்திலிருந்து ஏத்தினது, அதோட நிக்குது. அன்னைக்கு ஒரு மூட்டை உரம் என்ன விலை, இன்னைக்கு என்ன விலை? 2015இல் வணிக நீதிமன்றச் சட்டம் வந்தபோது, வணிகத் தகராறுகளுக்கு மட்டும் இந்த உச்சவரம்பை எடுத்துவிட்டார்கள். தோற்றவன்தான் செலவு தரணும், தர வேண்டாம் என்றால் ஜட்ஜ் காரணம் எழுதணும் என்றும் வைத்தார்கள். கம்பெனிக்கும் கம்பெனிக்கும் சண்டை வந்தால் முழுச் செலவு, வாய்க்கால் தகராறு என்றால் 3000. நல்லா இருக்குதய்யா நியாயம்!

இதில் நம்ம சேலத்துக்கும் பங்கு உண்டு. சேலம் வழக்கறிஞர் சங்கம் தொடுத்த வழக்கில் 2005இல் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது. பேருக்குச் செலவுத்தொகை போடுவதை நேர்மையில்லாதவர்கள் சாதகமாக்கிக் கொள்கிறார்கள். இனி உண்மையான, நியாயமான செலவைப் போடணும். ஜெயித்தவர் செலவழித்த நேரம், போக்குவரத்து, தங்கிய செலவு, வக்கீல் ஃபீஸ், டைப்பிங் கூலி வரைக்கும் அதில் சேரும் என்றது. தீர்ப்பு வந்து இத்தனை வருஷம் ஆச்சு. "அவரவர் செலவு அவரவருக்கு" என்ற ஒற்றை வரி கீழ்க்கோர்ட்டை விட்டு இன்னும் போகவில்லை.

விவசாயிகள் உரிமைச் சட்டத்தின் 44வது பிரிவைப் பாருங்க. ஆணையம், பதிவாளர், உயர் நீதிமன்றம் ஆகிய இடங்களில் விவசாயி கட்டணம் கட்ட வேண்டாம். நல்ல பிரிவுதான். ஆனால் மாவட்ட நீதிமன்றம் அந்தப் பட்டியலில் இல்லை! அதே சட்டத்தின் 65வது பிரிவுப்படி கம்பெனி நம்ம மேல் தாவா போடுவதே மாவட்ட நீதிமன்ற அளவில்தான். வக்கீல் ஃபீஸுக்கும் பஸ் சார்ஜுக்கும் எங்கேயும் விலக்கு இல்லை. ஓட்டையை வேணும்னு விட்டார்களா, மறந்து விட்டார்களா, எழுதினவங்களுக்குத்தான் வெளிச்சம்.

பணத்தை விடப் பெரிய நஷ்டமும் ஒண்ணு இருக்கு. கேஸ் வாபஸ் ஆனதால் 39வது பிரிவு பற்றி அந்தத் தாவாக்களில் தீர்ப்பே வரவில்லை. விவசாயி செய்தது சரி என்று எந்த ஜட்ஜும் அங்கே எழுதவில்லை. பிறகு கவிதா குருகண்டி அவர்கள் போட்ட மனுவில், 2021 டிசம்பரில் ஆணையம் அந்த ரகத்தின் பதிவையே ரத்து செய்தது. விவசாயிகள் பட்ட கஷ்டத்தையும் உத்தரவில் குறிப்பிட்டது. 2023 ஜூலையில் டெல்லி உயர் நீதிமன்றத் தனி நீதிபதி அதை உறுதி செய்தார். 2024 ஜனவரியில் இரு நீதிபதிகள் அமர்வு அதைப் புரட்டிப் போட்டுக் கம்பெனி பக்கம் தீர்ப்பளித்தது. ஆக, வாபஸ் என்றால் கேஸ் செத்துப்போச்சு என்று யாரும் நினைக்க வேண்டாம்.

நாமும் பங்காளி மேல், பக்கத்துக் காட்டுக்காரன் மேல் கேஸ் போட்டு, செலவு தாங்காமல் வாபஸ் வாங்குறவங்கதான். அப்படிப்பட்டவனைத் தண்டிக்கச் சொல்லி நாங்கள் கேட்கவில்லை. கம்பெனியோ, அரசுத் துறையோ, பெரிய பைனான்சோ விவசாயி மேல் கேஸ் போட்டுப் பாதியில் வாபஸ் வாங்கினால், முழுச் செலவையும் கட்டின பிறகே வாபஸ் செல்லும் என்று சட்டத்தைத் திருத்து என்கிறோம். 3000 ரூபாய் வரம்பை எடு. 44வது பிரிவில் மாவட்ட நீதிமன்றத்தைச் சேர். இந்த மூன்றுக்காகத்தான் கலெக்டர் ஆபீஸ் முன் உட்காரப் போகிறோம்.

அதுவரை சும்மா இருக்க வேண்டாம். சம்மன் வந்த நாளிலிருந்து ஒரு நோட்டுப் போட்டு எழுதுங்க. வக்கீல் கொடுத்த ரசீது, நகல் எடுத்த பில், பஸ் டிக்கெட், எந்தெந்தத் தேதியில் வேலை கெட்டது, எல்லாம் அதில் இருக்கட்டும். எதிர்த்தரப்பு வாபஸ் மெமோ கொடுத்தால் அன்னைக்கே உங்க வக்கீலை எழுந்திருக்கச் சொல்லுங்க. "மறுபடி தாவா போட அனுமதி கொடுக்கக் கூடாது, செலவுத்தொகை போடணும்" என்று எழுத்தில் கொடுக்கணும். உத்தரவு வந்த பிறகு போய்க் கேட்டால் ரொம்பக் கஷ்டம். சமரசப் பத்திரம் என்று எதை நீட்டினாலும், படிச்சுக் காட்டாமல் கையெழுத்து வைக்காதீங்க. வாய்தாவுக்கு ஒரு வாரம் முன்னாடியே ஒன்றியச் சங்க ஆபீஸில் வந்து சொல்லிடுங்க, தனியா கோர்ட்டுக்குப் போக வேண்டாம்.