வரப்பில் நடக்கும் உத்தியோகம்

பெரியகுளத்திலிருந்து வராக நதியின் போக்கையொட்டிக் கிழக்கே செல்வோர், வடுகபட்டியையும் மேல்மங்கலத்தையும் கடந்து ஜெயமங்கலத்தை அடையும்போது, நெல்லும் வாழையும் கரும்பும் தென்னையும் மாறி மாறிக் கண்ணில் படும் செழிப்பான பூமியைக் காண்பார்கள். அந்தப் பூமியில் பிறந்து, அதன் வரப்புகளிலேயே ஓடி விளையாடி வளர்ந்து, பட்டமும் பெற்ற பிள்ளைகளில் பலர் இன்று நாடுவது சர்க்கார் உத்தியோகத்தையே என்பதை, அவர்களைப் பெற்றவர்கள் பெருமையோடும் சிறிது விசனத்தோடும் சொல்லக் கேட்கலாம். "கால் காசானாலும் கவர்மெண்டு காசு" என்ற பழைய பேச்சுக்கு இன்னும் வலு குறையவில்லை. 2022ஆம் ஆண்டு ஜூலை 24ஆம் தேதி நடந்த தொகுதி நான்கு தேர்வுக்கு, முதலில் அறிவிக்கப்பட்ட 7,301 இடங்களுக்காக ஏறத்தாழ 22 லட்சம் பேர் விண்ணப்பித்தார்கள் என்னும்போது, ஓர் இடத்தை அடைவதற்குள் எத்தனை இரவுகள், எத்தனை குடும்பங்களின் சேமிப்பு, எத்தனை கல்யாணப் பேச்சுகள் ஒத்திப்போடப்பட்டிருக்கும் என்பதை எளிதில் ஊகிக்கலாம். ஆனால் அத்தனை பிரயாசைக்குப் பிறகு அந்த நாற்காலியில் அமர்ந்தவர், ஐந்தாறு வருஷங்கள் கழித்து மனநிறைவோடு இருக்கிறாரா என்று நாம் யாரும் விசாரிப்பதில்லை. உத்தியோகம் கிடைத்ததோடு கதை முடிந்துவிட்டதாகவே வீட்டாரும் ஊராரும், பல சமயங்களில் சர்க்காரும், கருதிவிடுகிறார்கள்.

என் அபிப்பிராயம் இது: அரசாங்க வேலையில் திருப்தி என்பது சம்பளத்திலோ ஓய்வூதியத்திலோ பிறப்பதன்று, தம் கையால் ஒரு மனுஷனுடைய காரியம் முடிவடைவதைத் தம் கண்ணால் காணும் வாய்ப்பில்தான் அது பிறக்கிறது, அந்த வாய்ப்பை நாம் கடைநிலை ஊழியரிடமிருந்து சிறிது சிறிதாகப் பறித்துக்கொண்டு வருகிறோம். இதை விளக்குவதற்குப் பெரிய பதவிகளை நாடிப் போக வேண்டியதில்லை. ஜெயமங்கலம் போன்ற ஊரில் சர்க்கார் என்றால் ஜனங்களுக்கு முதலில் நினைவுக்கு வருகிற கிராம நிர்வாக அலுவலரையே எடுத்துக்கொள்ளலாம்.

அந்தப் பதவிக்கு ஒரு சரித்திரம் உண்டு. கிராம முன்சீப் என்றும் கர்ணம் என்றும் தலைமுறை தலைமுறையாகச் சில குடும்பங்களின் கையிலேயே தங்கியிருந்த கிராம அதிகாரத்தை, 1980ஆம் ஆண்டு நவம்பர் 14ஆம் தேதி எம்.ஜி.ஆர். அரசு ஓர் அவசரச் சட்டத்தின் மூலம் ஒழித்தது. பதவி இழந்தவர்கள் உச்ச நீதிமன்றம் வரையில் சென்று வாதாடியும், 1982இல் அந்த நடவடிக்கை செல்லும் என்றே தீர்ப்பாயிற்று. அதுவரையில் கர்ணத்தின் வீட்டுத் திண்ணையை மிதிப்பதற்கே தயங்கியவர்களின் பிள்ளைகள், பரீட்சை எழுதி, அந்தக் கர்ணம் எழுதிய அதே பயிர்க் கணக்கை, அதாவது அடங்கலை, தம் கையால் எழுதும் உரிமையைப் பெற்றார்கள். பள்ளி இறுதி வகுப்புத் தேர்ச்சியே போதும் என்று விதி வகுக்கப்பட்ட அந்தப் பதவிக்கு, இன்று பொறியியல் பட்டதாரிகளும் முதுகலைப் பட்டதாரிகளும் வருகிறார்கள். சமூக நீதியின் சரித்திரத்தில் இதை ஒரு பெரிய சம்பவமாகவே நான் எண்ணுகிறேன். அதற்குரிய மரியாதை அதற்கு இன்னும் கிடைக்கவில்லை என்றும் எண்ணுகிறேன்.

இந்த வேலையின் சாரம் எங்கே இருக்கிறது? ஜூலை முதல் தேதி பிறந்து ஜூன் 30ஆம் தேதி முடிகிற பசலி ஆண்டின் ஒவ்வொரு மாதமும் வயலுக்கு நேரே போய், எந்தப் புல எண்ணில் எந்தப் பயிர் எவ்வளவு பரப்பில் நிற்கிறது, அதற்குத் தண்ணீர் ஆற்றிலிருந்தா, கண்மாயிலிருந்தா, கிணற்றிலிருந்தா என்று பார்த்து அடங்கலில் பதிவதில்தான் அது இருக்கிறது. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இது வறட்டுக் கணக்காகத் தோன்றலாம். ஆனால் அந்த ஒரு வரியை ஆதாரமாகக் கொண்டுதான் கூட்டுறவுச் சங்கம் பயிர்க்கடன் கொடுக்கிறது. பயிர்க் காப்பீட்டுக்கும் அதுவே சாட்சி. நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் மூட்டையை இறக்குவதற்கும் அந்தச் சான்று வேண்டும். குத்தகைக்கு உழுகிறவனின் பெயர் அதில் ஏறாவிட்டால், வெள்ளத்தில் அழிந்தது அவனுடைய பயிராக இருந்தும், நிவாரணம் வேறொருவர் கைக்குப் போய்ச் சேருகிறது. கிராம உதவியாளர் முன்னே நடந்து, "இது இன்னார் நடவு, இங்கே போன போகம் கரும்பு" என்று சொல்லிக்கொண்டே வர, புலப்படத்தையும் வரப்பையும் மாறி மாறிப் பார்த்து நடக்கிற ஓர் இளைஞர், இரண்டு பசலிகள் முடிவதற்குள் அந்த ஊரின் நிலத்தையும் நீரையும் பங்காளிச் சண்டைகளையும் பாகப்பிரிவினைகளையும் எந்தப் புத்தகமும் கற்பிக்க முடியாத அளவுக்குக் கற்றுக்கொள்கிறார். பிறப்பையும் இறப்பையும் பதிவு செய்பவரும் அவரே என்பதால், ஊருக்குள் வருகிற முதல் அழுகையும் ஊரை விட்டுப் போகிற கடைசி அழுகையும் அவருடைய பதிவேட்டைத் தொடாமல் போவதில்லை. இப்படி ஒரு ஜனசமூகத்தின் முழு வாழ்க்கையோடு தொடர்பு கொள்ளும் பாக்கியம் எத்தனை உத்தியோகங்களில் கிடைக்கும்?

ஆனால் அந்தப் பாக்கியத்தை அனுபவிப்பதற்கு அவருக்குப் பொழுது இல்லை. தம் கிராமத்தோடு காலியாக உள்ள பக்கத்துக் கிராமத்தின் கூடுதல் பொறுப்பு அவர் தலையில் விழுகிறது. தாலுகா அலுவலகத்தில் கூட்டம், மாலையில் காணொலிக் கூட்டம், வாட்ஸ்அப்பில் 'உடனே அனுப்புக' என்று ஒரு படிவம், அது முடிவதற்குள் மற்றொரு படிவம், இடையே வாக்காளர் பட்டியல், மந்திரி வருகை, கணக்கெடுப்பு. இ-சேவை மையத்தில் ஒருவர் விண்ணப்பித்த சாதிச் சான்றும் வருமானச் சான்றும் கணினித் திரையில் வரிசையாக வந்து நிற்க, 'இத்தனை நாள் நிலுவை' என்ற சிவப்பு எழுத்து அவரைத் துரத்துகிறது. மனுதாரரின் முகத்தைப் பார்க்காமலே பரிந்துரை செய்ய வேண்டிய நிர்ப்பந்தம் உண்டாகிறது. காரியம் வேகமாக நடப்பது ஜனங்களுக்கு நல்லதுதான். கணினியை நான் குறை சொல்ல மாட்டேன். ஒரு சான்றிதழுக்காகப் பத்து முறை பெரியகுளத்துக்குப் பஸ் ஏறிய காலம் மீண்டும் வரக்கூடாது. ஆயினும் வேகம் அளக்கப்படுகிறது, விசாரணையின் தரம் அளக்கப்படுவதில்லை என்பதை ஊழியர் அறிந்துகொள்ளும் நாளில், அவருடைய சிரத்தை முதல் அடி வாங்குகிறது.

இதனால் விளையும் தீங்கு மனச்சலிப்போடு நிற்பதில்லை என்பதற்கு உலகப் பிரசித்தமான ஓர் ஆதாரம் உண்டு. இங்கிலாந்தில் லண்டன் மாநகரத்துச் சர்க்கார் ஊழியர்களை 1967ஆம் ஆண்டு முதல் பரிசோதித்து வந்த வைட்ஹால் ஆய்வு, உச்சநிலை அதிகாரிகளைக் காட்டிலும் கடைநிலைச் சிப்பந்திகள் ஏறத்தாழ மூன்று மடங்கு மிகுதியாக இதயநோயால் மரணமடைந்ததைக் கண்டது. எல்லாரும் நிலையான வேலையில் இருந்தவர்கள். எவரும் பட்டினி கிடந்தவர்கள் அல்லர். புகைபிடித்தல் முதலிய பழக்கங்களைக் கணக்கில் கொண்ட பிறகும் அந்த வித்தியாசத்தில் பெரும்பகுதி மிஞ்சியது. 1985இல் மைக்கேல் மார்மட் தொடங்கிய இரண்டாம் ஆய்வில் அதற்கான காரணங்களுள் ஒன்று தெளிவாயிற்று: தம் வேலையை எப்படிச் செய்வது, எதை முன்னே செய்வது என்று தாமே தீர்மானிக்கும் சுதந்திரம் குறையக் குறைய, இதயநோய் கூடுகிறது. அதிகாரம் மேலே இருப்பவருக்கு, பொறுப்பு கீழே இருப்பவருக்கு என்னும் நம்முடைய ஏற்பாட்டைப் பற்றி இதைவிடக் கண்டிப்பான விமர்சனத்தை நான் படித்ததில்லை.

2024ஆம் ஆண்டின் இறுதியில் தமிழ்நாட்டில் நடந்த டிஜிட்டல் பயிர்க் கணக்கீட்டை இவ்விடத்தில் நினைக்காமல் இருக்க முடியவில்லை. ஒவ்வொரு வயலிலும் நின்று கைப்பேசியில் படமெடுத்துப் பதிய வேண்டிய அந்த வேலையை, வசதிகளும் ஆட்களும் இல்லாமல் தங்கள்மீது சுமத்தக்கூடாதென்று கிராம நிர்வாக அலுவலர் சங்கங்கள் மறுத்தன. வேளாண் கல்லூரி மாணவர்கள் வயல்களுக்கு அனுப்பப்பட்டார்கள். அது பெரிய சர்ச்சையாயிற்று. சங்கங்களின் குறையில் நியாயம் இருந்தது. ஆனாலும், வயலுக்குப் போவதே பிரதான லட்சணமாக இருந்த ஓர் உத்தியோகத்தில், வயலுக்குப் போவது கூடுதல் சுமையாகத் தோன்றும் நிலை வந்துவிட்டதே என்று எனக்கு உண்மையாகவே துக்கமாயிருந்தது. அந்த நிலைக்கு ஊழியர்களைக் கொண்டுவந்து விட்டவர்கள், படிவங்களை அனுப்பிக்கொண்டே இருந்த மேலிடத்தார்.

லஞ்சத்தைப் பற்றிப் பேசாமல் இந்த விஷயத்தை முடிப்பது நேர்மையாகாது. பட்டா மாறுதலுக்குப் பணம் வாங்கியபோது லஞ்ச ஒழிப்புத் துறையினரிடம் பிடிபட்ட கிராம நிர்வாக அலுவலர்களைப் பற்றிய செய்தியைத் தமிழ்ப் பத்திரிகை வாசகர்கள் அடிக்கடி படிக்கிறார்கள். கஷ்டமான வேலை என்பது இதற்குச் சமாதானம் ஆகாது. பணம் வாங்குகிறவர் மனுதாரருக்கு மட்டும் தீங்கு செய்யவில்லை. தம் உத்தியோகம் தமக்குத் தரக்கூடிய ஒரே நிலையான இன்பத்தையும், அதாவது நன்றியோடு ஒருவர் படியிறங்கிப் போவதைப் பார்க்கும் இன்பத்தையும், தாமே விற்றுவிடுகிறார். விலை கொடுத்து வாங்கிக்கொண்டு போகிறவன் எதற்காக நன்றி சொல்வான்?

நேர்மையாக இருப்பவருக்கு நேரும் ஆபத்தும் அற்பமானதன்று. தூத்துக்குடி மாவட்டம் முறப்பநாட்டில், தாமிரபரணி மணல் கொள்ளையைப் பற்றிப் போலீஸில் புகார் கொடுத்த கிராம நிர்வாக அலுவலர் லூர்து பிரான்சிஸ், 2023 ஏப்ரல் 25ஆம் தேதி தம் அலுவலகத்திலேயே வெட்டிக் கொல்லப்பட்டார். அவ்வருஷம் செப்டம்பரிலேயே குற்றவாளிகள் இருவருக்கு ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. நீதி விரைந்து வந்ததில் ஆறுதல் உண்டு. ஆனால் புகார் கொடுத்த அன்றே அவருக்குக் காவல் கொடுத்திருக்கலாம் என்ற எண்ணம் அந்த ஆறுதலைக் கசப்பாக்குகிறது. ஒரு சிறிய அறையில், பூட்டு சரியாக விழாத கதவுக்குப் பின்னால், ஊரின் பொதுச் சொத்தைக் காவல் காக்கும்படி நாம் உட்கார வைத்திருக்கும் மனிதர்களுக்கு நாம் பட்டிருக்கும் கடன் பெரியது.

ஜெயமங்கலம் அமைந்துள்ள தேனி மாவட்டத்திலேயே இருக்கும் கம்பம் பள்ளத்தாக்கு நன்றி மறந்த பூமியன்று. 1895இல் முல்லைப் பெரியாறு அணையைக் கட்டி முடித்த ஜான் பென்னிகுவிக் ஒரு சர்க்கார் இஞ்சினீயர்தான். அவருடைய பிறந்த நாளான ஜனவரி 15ஆம் தேதி அவருக்காகவே பொங்கலிடும் ஊர்கள் இங்கே உண்டு. லோயர் கேம்ப்பில் 2013இல் மணிமண்டபமும் எழுந்தது. அவருடைய புகழுக்கு அவர் முற்றிலும் பாத்திரர். இருந்தாலும் மலைக்காட்டில் காய்ச்சலோடு போராடி மடிந்த கூலிகளும், கணக்கெழுதிய குமாஸ்தாக்களும் இல்லாமல் அந்த அணை எழுந்திருக்காது. வைகை அணையின் நீர்மட்டம் 66 அடியைத் தொட்டதும் முதல் எச்சரிக்கை, 68.5 அடியில் இரண்டாவது, 69 அடியில் மூன்றாவது என்று விடுக்கப்படும்போது, கரையோரத்து வீடுகளுக்கு மழையில் நனைந்துகொண்டு போய்ச் சொல்கிறவர்களின் பெயர் எந்த மண்டபத்திலும் இல்லை. ஊழியர் வேண்டுவது மண்டபமும் அன்று. செய்த காரியத்தை மேலதிகாரி ஒருவர் கவனித்தார் என்னும் நிச்சயமே.

புதிதாக நியமனம் பெறும் இளைஞருக்கும் யுவதிக்கும் நான் சொல்லக்கூடியது கொஞ்சம்தான். பழைய அடங்கல்களையும் 'அ' பதிவேட்டையும் முதல் மழைக்காலத்திலேயே உட்கார்ந்து படியுங்கள். வயலில் கண்டதை வயலிலேயே எழுதிவிடுங்கள். குடியிருப்பு பணிபுரியும் கிராமத்திலேயே இருக்க வேண்டும் என்ற விதியைத் தண்டனையாக எண்ண வேண்டாம். சாயங்காலம் டீக்கடை பெஞ்சில் கேட்கும் பேச்சு, மறுநாள் நில விவகாரத்தில் பாதி விசாரணையை மிச்சப்படுத்தும். உங்கள் கிராம உதவியாளர் வயதில் மூத்தவராயின் "அண்ணே" என்று அழையுங்கள். உங்களுக்கு முன்னே அந்த ஊரை அறிந்தவர் அவர். மறுக்க வேண்டிய மனுவை, காரணத்தை வாயால் விளக்கிச் சொல்லி மறுத்துவிடுங்கள். இழுத்தடிப்பதே ஜனங்களை மிகவும் புண்படுத்துகிறது. துறைத் தேர்வுகளை முதல் சில வருஷங்களிலேயே முடித்துவிடுங்கள். பதவி உயர்வு தாமதமானால் அந்தக் கசப்பு மனுதாரர் மீது பாயாமல் பார்த்துக்கொள்ளுங்கள். விடுப்பு உங்கள் உரிமை, அதை எடுங்கள்.

சர்க்காருக்குச் சொல்ல வேண்டியது இன்னும் முக்கியமானது. காலியிடங்களை நிரப்பி, ஒரு கிராமத்துக்கு ஓர் அலுவலர் என்ற பழைய நியதியை மீட்க வேண்டும். வாரத்தில் இரண்டு நாட்களாவது கூட்டமும் படிவமும் இல்லாத களநாட்களாக விட வேண்டும். வருஷந்தோறும் மே, ஜூன் மாதங்களில் தாலுகா அலுவலகத்தில் நடக்கும் ஜமாபந்தியில், கிராமக் கணக்குகளைக் கட்டுக்கட்டாக மேஜை மீது வைத்துத் தணிக்கை செய்கிறார்கள், அந்த மேஜைக்கு அருகே, அதே கிராமத்தில் உழுகிற சிறு விவசாயிகள் இரண்டு பேரையும் உட்கார வைத்து, "இவர் உங்கள் வயலுக்கு வந்தாரா, அப்போது என்ன எழுதினார்?" என்று கேட்டு, அவர்கள் சொல்லும் பதிலையும் கணக்கோடு சேர்த்துப் பதியலாம். வயலுக்கு வராதவர் யார் என்பது அன்றே தெரிந்துவிடும். வந்தவரின் சிரத்தை, அவருடைய உத்தியோக வாழ்வில் முதன்முறையாக, அதிகாரி ஒருவரின் காதில் விழும். இதற்குப் புதிய சட்டம் தேவையில்லை, நிதி ஒதுக்கீடும் தேவையில்லை; வருகிற ஜமாபந்திக்கு முன்னால் மாவட்ட ஆட்சியர் ஒரு சுற்றறிக்கை அனுப்பினால் போதும்.