கோடு போடுவது யார்?

நம் சங்கத்தின் சென்ற மார்ச் மாதப் பொதுக்குழுவில் திரையில் ஒரு கிராப் காட்டினார்கள். ஞாயிறு தமிழ் வகுப்புக்கு வரும் குழந்தைகளின் எண்ணிக்கை. ஜூலையில் உச்சியில் இருந்த கோடு பிப்ரவரியில் ஏறக்குறைய தரையைத் தொட்டது. "இனி வகுப்பு எதற்கு? அறையை வாடகைக்கு விடலாமே" என்று ஒருவர் எழுந்தார். பலர் தலையாட்டினார்கள். முடிவை அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிவைத்திருக்கிறார்கள்.

நான் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு ஓரத்தில் இருந்த எண்களைப் பார்த்தேன். அடிக்கோடு 0 அல்ல, 30. குழந்தைகள் 41-லிருந்து 32 ஆனதைத்தான் அப்படிப் பாதாளமாகக் காட்டியிருந்தது. படம் போட்ட தம்பியைக் கேட்டேன். "கம்ப்யூட்டரே அப்படிப் போட்டுவிட்டது, சார்" என்றார். அவர்மீது குற்றமில்லை. ஆனால் அந்தப் பதில் என் மனதை உறுத்தியது.

முப்பத்தெட்டு வருடம் ரயில்வேயில் இருப்புப்பாதைப் பிரிவில் வேலை பார்த்தவன் நான். ரயில்வேயே கிராப்பில் ஓடும் துறை. செக்‌ஷன் கண்ட்ரோலரின் சார்ட்டில் ஒரு பக்கம் நேரம், மறுபக்கம் ஸ்டேஷன்கள். ஒவ்வொரு வண்டியும் ஒரு சாய்வுக் கோடு. ஒற்றைப் பாதையில் எதிரெதிர் வண்டிகளின் கோடுகள் ஸ்டேஷனில்தான் வெட்டிக்கொள்ள வேண்டும். நடுவழியில் வெட்டினால் மோதல்.

1991 மழைக்காலம். விதர்பாவின் கரிசல் மண்ணில் ஒரு கரைமேல் பாதை அடிக்கடி தாழ்ந்தது. ஒவ்வொரு முறையும் கேங்மேன்களை வைத்து ஜல்லி பேக்கிங் செய்து மட்டத்தைச் சரிப்படுத்தினேன். எத்தனை மில்லிமீட்டர் தூக்கினோம் என்று நோட்டில் குறித்தேன். தனித்தனியாகப் பார்த்தால் எந்த எண்ணும் பயமுறுத்தவில்லை. ஒருநாள் மேலதிகாரி அவற்றைக் கூட்டிக்கொண்டே போய்ப் பென்சிலால் கோடாகப் போட்டார். வாரத்துக்கு வாரம் கோடு செங்குத்தாகிக்கொண்டே போனது. அன்று மாலையே அந்த இடத்தில் வேகக் கட்டுப்பாடு போட்டோம். பத்தாம் நாள் இரவு கரையின் ஒரு பக்கம் சரிந்தது. வண்டி ஊர்ந்து வந்ததால் டிரைவரால் நிறுத்த முடிந்தது. எண்களை எழுதியவனும் நான். அவற்றைப் பார்க்காதவனும் நான்.

ஆகவே இந்த முறை வகுப்பின் வருகைப் பதிவேட்டை வாங்கிவந்து நானே கோடு போட்டேன். க்னூபிளாட் என்று ஓர் இலவச மென்பொருள். தாமஸ் வில்லியம்ஸ், காலின் கெல்லி ஆகியோர் எழுதி 1986-ல் வந்தது. பழைய கம்ப்யூட்டரிலும் ஓடும். பொத்தானை அமுக்குவதற்குப் பதில் கட்டளையைத் தட்டச்சு செய்யவேண்டும். ஒரு ஃபைலில் மாதத்துக்கு ஒரு வரி: முதலில் மாதத்தின் வரிசை எண், அடுத்து குழந்தைகளின் எண்ணிக்கை. பிறகு 'பிளாட்', ஃபைலின் பெயர், 'யூசிங் 1:2 வித் லைன்ஸ்'. முதல் பத்தியைக் கிடையாகவும் இரண்டாவதை நெடுக்காகவும் வைத்துக் கோட்டால் இணை என்று பொருள். அவ்வளவுதான்.

எல்லையை நாம் சொல்லாவிட்டால் இதுவும் தன்னிஷ்டப்படிதான் அளவு வைத்துக்கொள்ளும். ஆனால் 'செட் ஒய்ரேஞ்ச் [0:50]' என்று நான் எழுதிவிட்டால் அது நான் போட்ட கையெழுத்து மாதிரி. ஏன் 0, ஏன் 50 என்று யாரும் என்னைக் கேட்கலாம். கொரோனாவால் 2020-லும் 2021-லும் வகுப்பு நடக்காத மாதங்களுக்கு வெற்று வரி விட்டேன். கோடு அங்கே அறுந்து நின்றது. 0 என்று எழுதியிருந்தால் குழந்தைகள் வரவில்லை என்றாகியிருக்கும். உண்மையில் கதவைப் பூட்டியவர்கள் நாம்.

எப்போதும் 0-விலிருந்துதான் தொடங்கவேண்டும் என்று நான் சொல்லவில்லை. ஜுரத்தை 0 டிகிரியிலிருந்து போட்டால் 98-க்கும் 103-க்கும் பெரிய வித்தியாசம் தெரியாது. அளவைத் தேர்ந்தவர் யார், காரணம் என்ன என்பதே கேள்வி.

சரி, என் கோடு என்ன சொல்லிற்று? வகுப்பு நடந்த ஒவ்வொரு வருடமும் பரீட்சை நேரமான பிப்ரவரியில் எண்ணிக்கை இறங்குகிறது, ஜூலையில் ஏறுகிறது. பொதுக்குழுவில் காட்டியது அந்த இறக்கத்தை மட்டும். ஜூலையை ஜூலையோடு ஒப்பிட்டால் கடந்த மூன்று வருடங்களில் 44, 43, 41. குறைவு இருக்கிறது, மறைக்கமாட்டேன். அதற்குக் காரணம் தேடவேண்டும். பூட்டுத் தேட வேண்டியதில்லை.

என் யோசனை இரண்டு. ஒன்று, சங்கத்தில் யார் கிராப் காட்டினாலும் அதன் எண்களையும் கட்டளைகளையும் அறிவிப்புப் பலகையில் ஒட்டவேண்டும். இரண்டு, தமிழ் வகுப்பின் பெரிய பிள்ளைகளுக்கு மாதம் ஒரு ஞாயிறு நான் இதைச் சொல்லித்தருகிறேன். வீட்டு மின்சார யூனிட், பாட்டியின் சர்க்கரை அளவு, எதை வேண்டுமானாலும் எழுதிக்கொண்டு வரட்டும். "கம்ப்யூட்டரே போட்டுவிட்டது" என்று நம் பிள்ளைகள் சொல்லாமல் இருந்தால் போதும்.

அடுத்த கூட்டத்தில் கை தூக்குவதற்கு முன் என் வீட்டுக்கு வாருங்கள். பதிவேடும் ஃபைலும் இருக்கின்றன. என் கோடு தவறென்றால் திருத்திப் போட்டுக் காட்டுங்கள், சந்தோஷமாக ஒப்புக்கொள்வேன்.