வாசிக்க ஏலாததுக்கு ஏன் ‘ஓம்’ சொல்ல வேணும்?

வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனைத் தமிழ்ச் சனத்துக்குப் பழகிப்போன ஒரு அவமானம் இருக்கிறது: வாசிக்க ஏலாத கடதாசியில் கையெழுத்துப் போடுவது. பொலிஸில் தமிழில் சொன்ன முறைப்பாடு சிங்களத்தில் எழுதப்படும், கீழே சைன் வைக்கச் சொல்வார்கள். 1987இல் 13ஆவது திருத்தம் தமிழையும் ஆட்சிமொழி ஆக்கிய பிறகும் இந்தக் கதை முடியவில்லை. இது அநியாயம் என்று கதைக்க எங்களுக்குத் தெரியும். ஆனால் ஃபோனில் ஒரு அப் வந்து “உங்கட மெசேஜ், கொன்டாக்ட், கெமரா எல்லாம் தாங்கோ” என்று கேட்டால், யோசிக்காமல் ‘அனுமதி’யை அமத்துகிறோம். அந்த அப்பின் உள்ளே என்ன எழுதியிருக்கிறது? நாங்கள் மட்டுமில்லை, வாசிக்கத் தெரிந்த ஆக்களும் வாசிக்கக்கூடாது என்றே பலதைக் குழப்பி வைத்திருக்கிறார்கள்.

இதற்கு ஒப்ஃபஸ்கேஷன் என்று பெயர். கோட் எழுதுபவர் முதலில் விளங்குகிற மாதிரித்தான் எழுதுவார். வெளியிட முதல் அதை ஒரு கருவிக்குள்ளால் விடுவார்கள். ‘தொடர்பெண்களை எடு’ என்ற மாதிரி இருந்த பெயர் வெறும் ‘ஏ’ ஆகிவிடும். உள்ளே இருக்கிற இணைய முகவரிகள் மறைகுறியாக்கப்படும். நேராகப் போற வழியில் தேவையில்லாத சந்திகள் போடப்படும். அப் செய்கிற வேலை மாறாது, பிரித்துப் பார்க்கிற மனிசருக்குத்தான் தலை சுத்தும். பாமினியில் டைப் பண்ணின கடிதத்தை அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரியும் இல்லையா? அது தற்செயலாக நடப்பது. இது வேணுமென்றே செய்வது.

இதில் நியாயமே இல்லையா? இருக்கிறது. இரண்டு மூன்று பேர் சேர்ந்து செய்த ஒரு கேமை அடுத்த நாளே யாரோ கிராக் பண்ணிப் பரப்பினால் அவர்கள் எப்படிப் பிழைப்பது? அவர்கள் கோடைக் குழப்பி வைக்கட்டும். ஆனால் இது பூட்டு இல்லை, திருடனைக் கொஞ்ச நேரம் மினக்கெடுத்துகிற வேலை மட்டும்தான். அதே கருவியை வைரஸ் எழுதுபவனும் பாவிக்கிறான். வைரஸ் கார்ட், தெரிந்த வைரஸின் கைரேகையை வைத்துத்தான் முதலில் தேடும். ஒவ்வொரு பிரதியும் வேறு உருவத்தில் வந்தால் கைரேகை பொருந்தாது. 1990இலேயே ‘1260’ என்ற வைரஸ் இந்த வித்தையைக் காட்டிவிட்டது. அதனால் இப்போது வைரஸ் கார்ட் நடத்தையையும் பார்க்கிறது: மூடின பெட்டி மாதிரி ஒரு இடத்தில் ஓடவிட்டு, என்ன செய்கிறது என்று கவனிக்கிறது. கெட்டிக்கார வைரஸ், தன்னைக் கவனிக்கிறார்கள் என்று தெரிந்தால் பேசாமல் கிடக்கும். இடையில் மாட்டுப்படுவது நேர்மையான சின்ன டெவலப்பர். அவரின் கோடும் மறைந்திருப்பதால் அதையும் சந்தேகப் பட்டியலில் போட்டுவிடும்.

ஒளிக்கிற பழக்கம் எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு 2005இல் சோனி பிஎம்ஜி செய்தது சாட்சி. பாட்டு சீடியைக் கொப்பி பண்ணக்கூடாது என்று, சீடியைப் போட்ட கணினிக்குள் சொல்லாமல் ஒரு மென்பொருளை இறக்கினார்கள். குறிப்பிட்ட எழுத்துகளில் பெயர் தொடங்குகிற எந்த ஃபைலையும் அது கண்ணில் படாமல் மறைத்தது. மார்க் ரசினோவிச் அதைக் கண்டுபிடித்து எழுதினார். கொஞ்ச நாளிலேயே வைரஸ்காரர்கள் அதே மறைவுக்குள் போய் இருந்துகொண்டார்கள். பாதுகாப்பு என்று கட்டின சுவர் கள்ளனுக்கு நிழல் கொடுத்தது. கடைசியில் சீடிகளைத் திருப்பி எடுத்தார்கள்.

எங்கட நாட்டுக்கு வருவோம். 2018 மார்ச்சில் திகன வன்முறை, 2019 ஏப்ரலில் உயிர்த்த ஞாயிறுக் குண்டுகள், 2022 ஏப்ரலில் போராட்டம். மூன்று தரமும் அரசாங்கம் பேஸ்புக்கையும் வட்ஸ்அப்பையும் மறித்தது. கொச்சிக்கடைப் பக்கம் உறவுகளைத் தேடின சனம் என்ன செய்யும்? கையில் கிடைத்த இலவச விபிஎன்னைப் போட்டது. விபிஎன் என்றால் உங்கட இணையப் போக்குவரத்து முழுக்க அதற்குள்ளால்தான் போகும். அவுஸ்திரேலியாவின் சிஎஸ்ஐஆர்ஓ ஆய்வாளர்களும் சகாக்களும் 2016இல் 283 அன்ட்ராய்ட் விபிஎன் அப்களைப் பிரித்துப் பார்த்தார்கள். 38 சதவீதத்தில் வைரஸ் அறிகுறி இருந்தது. 18 சதவீதம் தரவை மறைகுறியாக்கவே இல்லை. ‘தேசியப் பாதுகாப்பு’ என்று சொல்லி மறித்தவர்கள்தான் சனத்தை இந்தக் கிடங்குக்குள் தள்ளினார்கள்.

“கோடைத் திறந்து வைத்தால் கள்ளனும் வாசிப்பானே?” என்று கேட்பார்கள். வாசிக்கட்டும். எதிரிக்கு முறை முழுக்கத் தெரிந்தாலும் சாவி மட்டும் இரகசியமாக இருந்தால் போதும், அதுதான் நல்ல பாதுகாப்பு என்று கெர்க்ஹொஃப்ஸ் 1883இலேயே எழுதிவிட்டார். சிக்னல் அப்பின் கோட் திறந்துதான் கிடக்கிறது. இந்தியாவில் 2020இல் கொரோனாவுக்கு ஆரோக்கிய சேது அப் வந்தது. வேலைக்குப் போகிறவர்களுக்குக் கட்டாயம் என்றார்கள், அதே நேரம் அதைப் பிரித்துப் பார்க்கக்கூடாது என்று நிபந்தனையும் போட்டார்கள். கடும் விமர்சனத்துக்குப் பிறகு மே 26இல் அன்ட்ராய்ட் கோடை வெளியிட்டார்கள். கேட்டபடியால்தான் திறந்தது.

“நீ கலைப்பீடம், உனக்கென்னத்துக்குக் கோட்?” என்பதும் வரும். எனக்கு வாசிக்கத் தெரியாதுதான். சிங்களக் கடதாசியை எனக்கு விளங்கப்படுத்த ஒரு மொழிபெயர்ப்பாளர் இருப்பது என் உரிமை என்றால், கோடைப் பிரித்துச் சொல்ல ஒரு ஆய்வாளர் இருப்பதும் என் உரிமைதான்.

ஆகவே கேட்க வேண்டியது மூன்று. பொதுப்பணத்தில் செய்கிற, சனம் கட்டாயம் பாவிக்க வேண்டிய எந்த மென்பொருளின் கோடும் திறந்திருக்க வேணும். டிஜிட்டல் அடையாள அட்டை பற்றிக் கதைக்கிற இந்த நேரத்தில் இதைக் கேட்காவிட்டால் பிறகு கேட்டு வேலையில்லை. இரண்டாவது, ஒரு அப்பைப் பிரித்துப் பார்த்து ஆபத்தைச் சொல்கிறவரைக் குற்றவாளி ஆக்கக்கூடாது. மூன்றாவது எங்கட கையில் இருக்கிறது: தன் உள்ளேயும் காட்டாமல் எங்கட உள்ளே முழுக்கக் கேட்கிற அப்புக்கு ‘மறு’ பட்டனை அமத்துவது. டோர்ச் லைட்டுக்கு எஸ்எம்எஸ் எதுக்கு? பாங்க் ஓடீபீ வருகிற அதே பெட்டியை அம்மாவின் ஃபோனில் யாருக்குத் திறந்து விட்டிருக்கிறீர்கள் என்று இண்டைக்கே செட்டிங்ஸில் போய்ப் பாருங்கோ.