பழவேற்காட்டுக்கு ஒரு நாள்

விடுமுறை வந்ததும், பிள்ளைகளை எங்கே அழைத்துச் செல்வது என்னும் கேள்வி இல்லந்தோறும் எழுகின்றது. உதகையையும் கொடைக்கானலையும் எண்ணிக் கைப்பணத்தையும் எண்ணிப் பெருமூச்சு விடுகின்றோம். கத்திவாக்கத்தில் மின்சார இரயிலேறிப் பொன்னேரியில் இறங்கி, அங்கிருந்து பேருந்தில் சென்றால் பழவேற்காடு வந்துவிடும் என்பதை நம்மில் பலர் நினைப்பதே இல்லை.

இந்தியாவின் உவர்நீர்க் காயல்களுள் சிலிக்கா ஏரிக்கு அடுத்துப் பெரியது இதுவே. ஏரியின் பெரும்பகுதி ஆந்திரத்தில் உள்ளது. தமிழகப் பகுதியில் ஏறத்தாழ 153 சதுர கிலோமீட்டர் 1980-ஆம் ஆண்டு பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பெற்றது. ஆரணியாறு நன்னீரைக் கொணர, முகத்துவாரத்தின் வழியே கடல்நீர் புகுகின்றது. இரண்டும் கலந்த ஆழமற்ற நீரில் இறாற்குஞ்சுகள் வளர்கின்றன. குளிர்காலத்தில் பூநாரைகள் கூட்டங்கூட்டமாக இங்கே இரை தேடும். வளைந்த அலகைத் தலைகீழாக நீரில் ஆழ்த்தி, சேற்றுநீரை வடிகட்டி நுண்ணுயிர்களை உண்ணும். அவ்வுணவிலுள்ள நிறமியே இறகிற்குச் செந்நிறம் தருகின்றது.

ஊருக்குள்ளும் காண்பதற்கு உண்டு. டச்சுக்காரர் 1613-இல் எழுப்பிய கோட்டையின் எச்சமும், அவர்தம் கல்லறைத் தோட்டமும், தொன்மை வாய்ந்த மகிமை மாதா திருத்தலமும் நடந்தே காணத்தக்கவை. மீன்பிடிக்கும் இடங்களை மீனவர் முறைவைத்துப் பகிர்ந்துகொள்ளும் ‘பாடு’ வழக்கத்தைப் பற்றிப் பெரியவர்களிடம் கேட்டறியப் பிள்ளைகளைத் தூண்டுங்கள்.

ஓர் எச்சரிக்கையும் கூறியாக வேண்டும். 2011-ஆம் ஆண்டு கிறிஸ்து பிறப்பு நாளன்று இங்கே படகு கவிழ்ந்து 22 பேர் உயிரிழந்தனர். ஆகவே படகுச் சவாரியை விரும்பும் பிள்ளைகளிடம் உறுதியாக மறுத்துவிடுங்கள். பறவைகளைக் கரையில் நின்றே காணலாம். காலை வேளையும், ஓசையற்ற நடையும், சிறு தொலைநோக்கியும் போதும்.

இவ்வேரி நமக்கு அயலன்று. எண்ணூர்க் கழிமுகத்தையும் அதனையும் பக்கிங்காம் கால்வாய் இணைக்கின்றது. 2023 டிசம்பரில் வெள்ளத்தோடு வந்த எண்ணெய் நம் கழிமுகத்தில் படர்ந்தபோது, கூழைக்கடாக்களின் இறகுகள் கறுத்தன. மீனவரின் வலைகளும் படகுகளும் பாழாயின. சரணாலயத்திற்கு எல்லைக்கோடு உண்டு, நீருக்கு இல்லை. பழவேற்காட்டின் பறவைகளைக் கண்டு வந்த பிள்ளை, நம் தெருக்கோடிக் கால்வாயில் குப்பை கொட்டும் கையை, அது தந்தையின் கையாயினும், தடுத்து நிறுத்தும். அப்போது அப்பிள்ளையை அதட்டாதிருப்போமாக.